டிராக்டர் கொதிக்கிறதா? மூடியிலிருந்து தொடங்குங்கள்



கோடை உழவு தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் விதை, உரம் பற்றியவை பாதி என்றால், டிராக்டர் பற்றியவை மீதிப் பாதி. இந்த முறை விழுப்புரம் மாவட்டத்து வாசகர் ஒருவரின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இது பலருக்கும் பொதுவான பிரச்னை.

'ஐயா, என்னிடம் 45 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. வாங்கி ஏழு வருடம் ஆகிறது. சொந்த நிலம் 3 ஏக்கர்தான். வாடகை உழவை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது. சித்திரை வெயிலில் ரோட்டாவேட்டர் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கொதித்து வெளியே வந்துவிடுகிறது. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டுகிறோம். ரேடியேட்டர் மூடியில் ரப்பர் போய்விட்டதால் சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருக்கிறோம். போன மாதம் கொதிக்கும்போது மூடியைத் திறந்ததில் என் மகனுக்குக் கையும் கழுத்தும் வெந்துவிட்டது. இப்போது ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?'

தம்பியின் காயம் நல்லபடியாக ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன்னால் மூடியை மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலையைச் செய்து பார்க்காமல் பல ஆயிரம் ரூபாய் வேலைக்குப் போகாதீர்கள். அதே நேரத்தில், இப்படியே தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, இன்ஜினையே பிரிக்க வேண்டிய நிலை வரும். வாடகை உழவுக்கு ஆள் தேடி வரும் நாளில் வண்டி ஷெட்டில் கிடந்தால், அந்தப் பருவத்து வருமானமே போய்விடும்.

மூடி என்ன வேலை செய்கிறது?

பலர் இதைத் தண்ணீர்க் குடத்தின் மூடி போல நினைக்கிறார்கள். ஆனால், இது வீட்டில் இருக்கும் குக்கர் மூடியைப் போன்றது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குக்கரில் அழுத்தம் இருப்பதால் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை போன பிறகுதான் கொதிக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது கேஸ்கெட்டும் வெயிட்டும். ரேடியேட்டரில் அந்த இரண்டு வேலையையும் மூடி ஒன்றே செய்கிறது.

மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு பெரிய ஸ்பிரிங், அதன் கீழே ரப்பர் வளையம், நடுவில் ஒரு சிறிய வால்வு இருக்கும். இன்ஜின் சூடாகும்போது தண்ணீர் விரிவடைகிறது. 10 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் 300 மில்லிக்கு மேல் கூடிவிடும். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டியதும் பெரிய ஸ்பிரிங் மேலே எழும்பி, கூடுதல் தண்ணீரைப் பக்கத்தில் உள்ள சிறிய டப்பாவுக்கு அனுப்பும். இன்ஜின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும். அப்போது நடுவில் உள்ள சிறிய வால்வு திறந்து, டப்பாவில் உள்ள தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வீணாகாமல் இப்படிப் போய் வந்துகொண்டே இருக்கும்.

மூடியின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 0.9 என்று இருந்தால் 0.9 பார் அழுத்தம். இதையே 13 பி.எஸ்.ஐ. என்றும் 90 கிலோ பாஸ்கல் என்றும் போட்டிருப்பார்கள். இந்த மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. 7 பி.எஸ்.ஐ. மூடி, அதாவது அரை பார் மூடி என்றால் 111 டிகிரி வரை தாங்கும். ரப்பர் போன மூடியில் அழுத்தமே நிற்காது. 100 டிகிரியிலேயே கொதித்து, குழாய் வழியாக வெளியே போய்விடும். ஊட்டி போன்ற மலைப்பகுதியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மலைக் காய்கறி விவசாயிகளுக்கு மூடி இன்னும் முக்கியம்.

சைக்கிள் டியூப் ரப்பர் இந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குவதற்காகச் செய்தது அல்ல. இளகிப் போனால் அழுத்தம் நிற்காது. மாறாக, தடிமனாக வெட்டி இறுக்கி வைத்தால் வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் ஹோஸோ, ரேடியேட்டரின் மேல்தொட்டியோ வெடிக்கலாம். இரண்டுமே ஆபத்து. மூடிக்கு அடியில் பாலித்தீன் தாள் வைத்து மூடுவதும் அப்படித்தான்.

சூடாக இருக்கும்போது ஏன் திறக்கக் கூடாது?

உள்ளே 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் கொதிக்காமல் இருப்பதற்கு அழுத்தம் மட்டுமே காரணம். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்துப் பீறிடும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு பெருகும். குனிந்து திறப்பவரின் முகம், கழுத்து, கை என எல்லாவற்றிலும் படும். குக்கரில் ஆவி அடங்கும் வரை காத்திருக்கும் பொறுமை, டிராக்டரிடமும் வேண்டும்.

குறைந்தது அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் தைரியமாகப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அது சூடாகவோ, விறைப்பாகவோ இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். ஆறிய பிறகும், தடித்த சாக்கையோ துணியையோ மூடியின் மேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் தடை வரை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். 'புஸ்' என்ற சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு, அழுத்தித் திருப்பி எடுக்க வேண்டும்.

ஒருவேளை வெந்துவிட்டால், நனைந்த துணியையும் மோதிரம், கயிறு போன்றவற்றையும் உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோட்டார் ஓடும் இடமாக இருந்தால் அந்தத் தண்ணீரே போதும். ஐஸ், பற்பசை, பேனா மை, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கொஞ்சமும் தாமதிக்க வேண்டாம்.

ஓட்டும்போது கொதித்தால்...

வெப்ப முள் சிவப்புப் பக்கம் ஏறுகிறது, ஆனால் ஆவி வரவில்லை, தண்ணீரும் கொட்டவில்லை என்றால், உழவை நிறுத்தி, கருவியைத் தூக்கி, பி.டி.ஓ.வைத் துண்டித்துவிட்டு, சுமை இல்லாமல் சில நிமிடங்கள் மெதுவாக ஓட விடுங்கள். முள் இறங்கியதும் நிறுத்தலாம். ஆவி பீறிட்டாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் கிழிந்திருந்தாலோ உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

முள் இறங்கிவிட்டதே என்று நம்பி ஓட்டுவதிலும் ஆபத்து உண்டு. தண்ணீர் முழுவதும் போய்விட்டால் வெப்பம் காட்டும் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. அப்போது முள் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கொதித்த இன்ஜினில் குளிர்ந்த போர் தண்ணீரை ஊற்றுவது அதைவிட மோசம். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிடும்.

மலிவானதிலிருந்து தொடங்கி, வரிசையாகப் பாருங்கள்

முதலில் மூடி. இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கழற்றிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, கல்லாக இறுகியிருந்தாலோ, ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ மாற்ற வேண்டும். நடுவில் உள்ள சிறிய வால்வை நகத்தால் லேசாக இழுத்துவிட்டால், தானே திரும்பிப் பதிய வேண்டும். வண்டி ஆறிய பிறகு ஹோஸ் சப்பிப் போயிருந்தால், அந்தச் சிறிய வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மூடியின் அழுத்தத்தைச் சோதிக்கும் கைப்பம்பு பெரிய ஒர்க்‌ஷாப்களில் இருக்கும்.

புதிய மூடி வாங்கும்போது பழைய மூடியை எடுத்துப் போங்கள். ஆனால், ஏற்கெனவே யாராவது தவறான மூடி போட்டிருக்கலாம் என்பதால் கையேட்டில் உள்ள எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இறங்கும் ஆழமும் சரியாக இருந்தால்தான் ரப்பர் தன் இடத்தில் அமரும். கூடுதல் அழுத்த மூடி போட்டால் கொதிக்காது என்று சிலர் சொல்வார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் பலம் ஹோஸுக்கும் ரேடியேட்டருக்கும் இருக்காது. அதே எண்தான் வேண்டும். மூடி அமரும் கழுத்தின் விளிம்பில் நெளிவோ உப்புப் படிவோ இருந்தால் புது மூடியும் பிடிக்காது. அதையும் துடைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, வெளிச் சுத்தம். ரோட்டாவேட்டர் கிளப்பும் புழுதியும், வைக்கோல் கட்டும்போது பறக்கும் தூசும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அடைத்துவிடும். முன் வலையை தினமும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தகடுகளுக்குக் காற்றோ தண்ணீரோ அடிக்கும்போது, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மிதமான வேகத்தில் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளே போகும். பிரஷர் வாட்டரை நெருக்கமாகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். டெல்டாவில் குறுவைச் சேற்றுழவுக்குப் போகிறவர்கள், சேறு காய்ந்து ஒட்டுவதற்கு முன் அன்றே கழுவிவிடுங்கள்.

மூன்றாவது, ஃபேன் பெல்ட். இன்ஜின் நின்றிருக்கும்போது இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதுவாக 10 முதல் 15 மில்லி மீட்டர் அமுங்கலாம். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். தொளதொளவென்று இருந்தால் ஃபேனும் தண்ணீர் பம்பும் வேகம் குறைந்து சுற்றும்.

நான்காவது, ஹோஸ், கிளிப். உப்பிய, விரிசல் விட்ட, அழுத்தினால் நொறுநொறுவென்று இருக்கும் ஹோஸ்களை மாற்றுங்கள். கிளிப் பக்கம் வெள்ளையாகவோ, பச்சையாகவோ படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

ஐந்தாவது, தெர்மோஸ்டாட். ஒர்க்‌ஷாப்பில் கழற்றி, வெந்நீரில் போட்டு, அதில் அச்சிட்டுள்ள வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால்தான் ரேடியேட்டரின் உள்ளடைப்பு, தண்ணீர் பம்பு, ஹெட் கேஸ்கெட் என்று போக வேண்டும்.

போர் தண்ணீர் செய்யும் வேலை

உங்கள் வீட்டில் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதல்லவா? அதே உப்பு இன்ஜினின் தண்ணீர் அறைகளிலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. வெளியே ரேடியேட்டர் பளபளவென்று இருந்தாலும் உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். நாள்தோறும் புதுத் தண்ணீர் ஊற்றினால், நாள்தோறும் புது உப்பு சேர்கிறது. அதனால்தான் தண்ணீர் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறோம். அதற்கு அடிப்படை, மூடி.

'நம் ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது, டீசல் இன்ஜினின் லைனரில் குழி விழாமல் தடுப்பது ஆகியவை நம் ஊருக்கும் தேவை. அடர் கூலன்ட் வாங்கினால், பெரும்பாலும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும். 10 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு 5 லிட்டர் கூலன்ட், 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே வாங்கலாம். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள். 'ரெடி மிக்ஸ்' என்று எழுதியிருந்தால் தண்ணீர் சேர்க்கவே கூடாது. கூலன்டை மட்டும் முழுதாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம்; தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது. நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்தான்; ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை இருக்கலாம்.

கூலன்ட் மாற்றும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முழுவதும் ஆற விட்டு, மூடியைத் திறக்கவும்.

2. ரேடியேட்டரின் அடித் திருகையும், இன்ஜின் பிளாக்கில் உள்ள திருகையும் திறந்து, பழையதை ஒரு தொட்டியில் பிடிக்கவும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பழைய கலங்கல் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும்.

3. திருகுகளை மூடி, சுத்தமான நல்ல தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, மேல் ஹோஸ் சூடேறும் வரை ஓட்டவும். ஆற விட்டு வடிக்கவும். தெளிவாக வரும் வரை இதைத் திரும்பச் செய்யவும். உப்பு கெட்டியாகப் படிந்திருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். வீட்டில் உள்ள சலவைச் சோடாவையோ ஆசிட்டையோ ஊற்றினால் அலுமினிய ரேடியேட்டர் அரித்துப்போகும்.

4. புதுக் கலவையை மெதுவாக ஊற்றவும். மூடாமல் இன்ஜினை நிதானமாக ஓட விட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றவும். முகத்தை மேலே நீட்டாதீர்கள். குமிழ் நின்றதும், தண்ணீர் கொதிநிலைக்குப் போகும் முன் மூடிவிடவும்.

5. பக்கத்து டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு இடையில் நிரப்பவும். மறுநாள் காலை மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். அதே கலவையை ஊற்றிச் சரிசெய்யுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது கூலன்டின் வகையைப் பொறுத்தது. பழைய வகைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு. நீண்டகால வகைக்கு அதைவிட அதிகம். மாற்றிய தேதியை டூல் பாக்ஸ் மூடியில் பெயின்டால் எழுதிவையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டியது

பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலின் கிளைக்கால் கொடிய விஷம். ஆனால், அதன் சுவை இனிப்பு. வடித்த கூலன்டை வாசலிலோ, கொட்டகையிலோ, வாய்க்காலிலோ ஊற்றினால் நாய் நக்கும், கன்று குடிக்கும். சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். மிச்சக் கூலன்டைக் குடிநீர் பாட்டிலிலோ, குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. வண்ணத் தண்ணீரைப் பார்த்தால் குழந்தைக்கு ஜூஸ் என்றுதான் தோன்றும். அதன் கேனிலேயே வைத்து, பூச்சிமருந்து போல எட்டாத இடத்தில் பூட்டுங்கள். பழையதையும் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கேனையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு; நேரம்தான் முக்கியம். கால்நடை என்றால் 1962 என்ற எண்ணை அழையுங்கள்.

மேலும் சில கேள்விகள்

*'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் கொதிக்காது என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?'* - திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

வேண்டாம். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். டீசல் அதிகம் குடிக்கும், புகை கூடும், தேய்மானமும் கூடும். பழுதானால் அதே வெப்பநிலைக்கான புதியதைப் போடுங்கள்.

*'ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போட்டு அடைக்கிறோம். சரியா?'* - தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

ஓட்டையை அடைக்கும் தூள், நல்ல குழாய்களையும் அடைக்கும். நடுவழியில் நின்று வீடு வந்து சேர்வதற்காகச் செய்திருந்தால், மறுநாளே உள்ளே கழுவி, ஓட்டையைப் பற்றவைத்துவிடுங்கள்.

*'எங்கும் ஒழுகவில்லை. ஆனால், தண்ணீர் குறைகிறது. ரேடியேட்டரில் குமிழ் வருகிறது.'* - ஈரோடு மாவட்ட வாசகி

குமிழ் ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சால்கூட ஓட்டாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்தாவது ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள்.

விழுப்புரம் வாசகருக்கு: கையேட்டில் உள்ள எண்ணுக்கு ஒரு மூடி வாங்குங்கள். உள்ளும் வெளியும் கழுவி, கூலன்ட் ஊற்றி, ஒரு மணி நேரம் ரோட்டாவேட்டர் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் கொதித்தால், என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். அல்லது உங்கள் கோட்டத்து வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் காட்டி யோசனை கேளுங்கள். ரேடியேட்டரை மாற்றுவதா என்பதை அப்போது முடிவு செய்யலாம். சூடான மூடியில் கை வைப்பதில்லை என்பதை மட்டும் இன்றே முடிவு செய்யுங்கள். உங்கள் மகனையும், வண்டி ஓட்ட வரும் டிரைவரையும் கூட வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் படியுங்கள்.